பழைய வீட்டுக் கணினிகள்: எதன் கீபோர்டு சொன்னபடி கேட்கும்?

கரோசெல் இணையச் சந்தையில் பழைய கணினி தேடுபவர்கள் திரை எப்படி, சத்தம் எப்படி, என்னென்ன விளையாட்டு ஓடும் என்றெல்லாம் விசாரிப்பார்கள். கீபோர்டைப் பற்றிக் கேட்பவர் குறைவு. வீட்டுக்குக் கொண்டுவந்து பேசிக் மொழியில் நிரல் தட்டும்போதுதான் எழுத்து விழுங்கப்படுவதும், கேட்காமலே இரட்டிப்பதும் தெரியவரும்.

பார்க்க வேண்டியவை இரண்டு. கணினி வேறு வேலையில் மூழ்கியிருக்கும்போது நாம் தட்டியதில் எத்தனை எழுத்தைச் சேர்த்து வைக்கும் என்பது பஃபர். விசையை அழுத்திப் பிடித்தால் எவ்வளவு பொறுத்து, எவ்வளவு வேகமாக அதே எழுத்தைத் திரும்ப அனுப்பும் என்பது ரிப்பீட். தனித்தனியே இரண்டும் உதவிதான். சேரும்போதுதான் வம்பு.

1977-இல் வந்த ஆப்பிள் 2 இந்த வம்புக்கே போகாது. அதில் பஃபர் கிடையாது. கடைசியாக வந்த ஆர்டரை மட்டும் நினைவில் வைத்திருக்கும் கோப்பிக்கடை அண்ணனைப் போல, டிஸ்க் ஓடும் நேரத்தில் ஐந்து எழுத்து தட்டினால் ஐந்தாவது மட்டும் மிஞ்சும். ரிப்பீட்டுக்குத் தனி விசை இருந்தது; அதையும் வேண்டிய எழுத்தையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். தானாக ரிப்பீட் ஆவது 1983-இன் 2இ மாடலில்தான் வந்தது.

1982-இன் ஸ்பெக்ட்ரமும் கடைசி விசையை மட்டுமே வைத்துக்கொள்ளும். ரிப்பீட் உண்டு: 0.7 விநாடி பொறுத்து, பிறகு விநாடிக்கு 10. நினைவக முகவரியில் ஓர் எண்ணை நேராக எழுதும் பேசிக் கட்டளையான 'போக்' மூலம், 23561, 23562 என்ற முகவரிகளில் இரண்டையும் மாற்றிக்கொள்ளலாம். அந்த ரப்பர் விசைகளில் யாரும் வேகமாகத் தட்டப்போவதில்லை என்பதால் பெரிய குறையாகத் தெரியாது.

அதே ஆண்டின் கொமடோர் 64 இன்னும் யோசித்துச் செய்யப்பட்டது. பஃபரில் 10 எழுத்து நிற்கும். சாதாரணமாக அம்புக்குறி, இடைவெளி, அழிக்கும் விசை ஆகியவை மட்டுமே ரிப்பீட் ஆகும். எழுத்துகள் ஆகாது. எல்லாம் ஆக வேண்டுமென்றால் போக் 650,128. தேங்கியதைக் கொட்டிவிட போக் 198,0. நிரலே அந்தப் பஃபருக்குள் எழுத்துகளைப் போட்டு, யாரோ தட்டியதுபோல ஏமாற்றும் வித்தையும் அப்போது பிரபலம்.

ஐபிஎம் பிசியும் அதன் நகல்களும்தான் அதிகம் படுத்தும். பஃபரில் 15 விசை நிற்கும். நிரம்பினால் பீப் என்று கத்தும். நீளமான கடிதத்தில் கீழ்நோக்கும் அம்பைப் பிடித்தால், திரை வரைவது மெதுவாக இருக்கும் கணினியில் விசைகள் தேங்கிவிடும். கையை எடுத்த பிறகும் வரிகள் ஓடிக்கொண்டே இருக்கும். 1984-இன் ஐபிஎம் ஏடி மாடலின் கீபோர்டில் வேகத்தை விநாடிக்கு 30 வரை ஏற்றலாம். அந்தக் கணினிகளின் இயங்குதளமான டாஸில் அதற்கு மோட் கட்டளை உண்டு. வேகம் போதவில்லை என்று எல்லோரும் உச்சத்தில் வைப்பார்கள், அப்புறம் வேண்டிய வரியைத் தாண்டிப் போகிறதே என்று திட்டுவார்கள். இதைவிட மோசம், தேங்கி நின்ற ஒரு விசை அடுத்து வரும் "அழிக்கட்டுமா?" என்ற கேள்விக்குப் பதிலாகிவிடுவது. கேள்வி கேட்குமுன் பஃபரைக் காலி செய்யாத நிரல்களில் இந்த ஆபத்து நிஜமானது.

என் ஓட்டு 1981-இன் பிபிசி மைக்ரோவுக்கு. அதன் பஃபரில் பிசியைவிட அதிக எழுத்து நிற்கும். ஆனால் எஸ்கேப் விசையை ஒருமுறை தட்டினால் போதும், வழக்கமான அமைப்பில் தேங்கியதெல்லாம் காலி. ரிப்பீட்டை மாற்ற ஸ்டார் எஃப்எக்ஸ் (*FX) என்ற கட்டளை: 11 தாமதத்துக்கு, 12 வேகத்துக்கு. 11-உடன் பூஜ்யம் கொடுத்தால் ரிப்பீட்டே நின்றுவிடும். நினைவக முகவரி எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். பிரிட்டனிலிருந்து வரவழைத்தால் பிளக்கும் மின்னழுத்தமும் சிங்கப்பூர் வீட்டுக்கு அப்படியே ஒத்துப்போகும். பவர் சப்ளையில் இருக்கும் பழைய கெப்பாசிட்டரை மட்டும் மாற்றிவிட்டு சுவிட்சைப் போடுங்கள், இல்லாவிட்டால் புகைதான்.

சரி, பழைய பெட்டியெல்லாம் வேண்டாம், பிள்ளை பள்ளிப் பாடத்துக்கு மடிக்கணினியில் தமிழ் தட்டினால் போதும் என்பவர்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது. ஆங்கில ஒலிப்பு முறையில் ஒரே உயிரெழுத்தை இருமுறை தட்டினால் நெடில். விரல் சற்றுத் தங்கினால் 'படம்' 'பாடம்' ஆகிவிடும். தமிழ்99 விசைப்பலகை முறையில் ஒரே மெய்வரிசை விசை இருமுறை விழுந்தால் புள்ளி தானாக வந்து, 'படு' 'பட்டு' ஆகும். விண்டோஸில் ரிப்பீட் தாமதத்துக்கு நான்கு படிகள் உண்டு. தட்டச்சு பழகும் பிள்ளைக்கு மிக நீளமானதை வைத்துக் கொடுங்கள். வலப்பக்க ஷிப்டை 8 விநாடி அழுத்திவிட்டால் ஃபில்டர் கீஸ் என்ற வசதியை இயக்கவா என்று கேட்கும். பிள்ளை சரி என்று தட்டியிருந்தால் வேகமாகத் தட்டும் எழுத்துகள் விழாமல் போகும். பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகுமுன் அதை அணைத்துப் பாருங்கள்.