நாலு வருட ரிமோட் பேக்கப்: அப்லோடை எது தின்றது, எப்படிக் குறைத்தேன்

நாலு வருடமாக என் சர்வரில் இருக்கும் தரவைத் தினமும் ராத்திரி தொலைவில் உள்ள இன்னொரு சர்வருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன். மொத்தம் 2 டிபி. ஃபோட்டோ, ஆவணங்கள், சில விர்ச்சுவல் மெஷின்களின் (சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் கணினிகள்) டிஸ்க் இமேஜ், ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், அவ்வளவுதான். அப்லோடு வேகம் 10 எம்பிபிஎஸ். லைன் ஒரு நொடிகூட ஓயாமல் ஓடினாலும் ஒரு நாளைக்கு 108 ஜிபிதான் போகும், அதாவது முதல் முழு நகலுக்கே 18 நாளுக்கு மேல் ஆகும். அதனால் முதல் நகலை லைனில் அனுப்பவே இல்லை. ஹார்டு டிஸ்கில் எடுத்துப் போய் அந்தப் பக்கம் நேரடியாக ஏற்றிவிட்டேன். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இன்றும் இதைத்தான் முதலில் சொல்வேன்.

ஆரம்பித்தது ஆர்சிங்கில் (rsync), அதாவது ஒரு இடத்து ஃபைல்களை இன்னொரு இடத்தோடு ஒத்துப்போக வைக்கும் புரோகிராமில். ஆண்ட்ரூ டிரிட்ஜெல்லும் பால் மெக்கராஸும் 1996-இல் வெளியிட்டது, இன்றைக்கும் அருமையான டூல். வாங்கும் பக்கம் தன்னிடம் இருக்கும் பழைய ஃபைலைத் துண்டு துண்டாக்கி ஒவ்வொன்றின் செக்சம்மையும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சின்ன அடையாள எண்) அனுப்பும். அனுப்பும் பக்கம் புதிய ஃபைலில் ஒவ்வொரு பைட்டாக நகர்ந்து ஒத்துப்போகும் துண்டைத் தேடும், ஒத்துப்போகாததை மட்டும் அனுப்பும். ஃபைலின் நடுவே நாலு வரி நுழைந்தாலும் மீதி முழுக்க மறுபடி போகாது. ஆனால் இதற்கு இரண்டு பக்கமும் ஆர்சிங்க் ஓட வேண்டும். முதல் மாதம் நான் தொலைவு டிஸ்கை நெட்வொர்க் டிரைவாக மவுண்ட் செய்து அதில் காப்பி செய்துகொண்டிருந்தேன். ஆர்சிங்கைப் பொறுத்தவரை அப்போது இரண்டுமே லோக்கல் ஃபோல்டர். அந்த நிலையில் அது ஒப்பிட்டுப் பார்க்காமல் மாறிய ஃபைலை முழுசாக எழுதிவிடும். எஸ்எஸ்ஹெச் (தொலைவு சர்வரில் புரோகிராம் ஓட்ட உதவும் பாதுகாப்பான இணைப்பு) வழியாக அந்தப் பக்கமும் ஆர்சிங்க் ஓடும்படி மாற்றிய அன்றே டிராஃபிக் சரிந்தது.

அப்புறம் ஒருநாள் ஃபோட்டோ ஃபோல்டர்களை வருடவாரியாக மாற்றி அடுக்கினேன். ஆர்சிங்குக்கு இடம் மாறிய ஃபைல் புது ஃபைல்தான், எல்லாமே மறுபடி கிளம்பிவிட்டது. அதற்குப் பிறகுதான் துண்டு அடிப்படையில் டெடுப்ளிகேஷன் செய்யும், அதாவது ஒரே துண்டை ஒருமுறை மட்டும் சேமிக்கும், டூல்களுக்கு வந்தேன். ரெஸ்டிக், போர்க் இரண்டும் ஃபைலின் உள்ளடக்கத்தைப் பார்த்தே எங்கே வெட்டுவது என்று முடிவு செய்கின்றன. ரெஸ்டிக்கில் ஒரு துண்டு சராசரியாக 1 எம்பி, போர்க்கில் சுமார் 2 எம்பி. துண்டின் ஹேஷ் (செக்சம் போன்ற அடையாளம்) ஏற்கெனவே அந்தப் பக்கம் இருந்தால் அனுப்பாது. பெயர் மாறினாலும் ஃபோல்டர் மாறினாலும் கவலையில்லை.

ரெஸ்டிக்கை எஸ்எஃப்டிபி (ஃபைல்களை அனுப்பி வாங்க மட்டும் உதவும் இணைப்பு) வழியாக ஒன்றரை வருடம் ஓட்டினேன். பேக்கப் எடுப்பதில் குறையே சொல்ல மாட்டேன். ஆனால் பழைய ஸ்னாப்ஷாட்டுகளை (ஒவ்வொரு நாளின் பேக்கப் பதிவு) நீக்கிவிட்டு, இனி தேவையில்லாத தரவை அழிக்கும் ப்ரூனை ஓட்டும்போது, பாதி காலியான பேக்குகளை (பல துண்டுகளைச் சேர்த்து வைத்த ஃபைல்கள்) அது கீழே இறக்கி, தேவையானதை மட்டும் கட்டி, திரும்ப மேலே ஏற்றுகிறது. அந்தப் பக்கம் வெறும் சேமிப்பிடம், வேலை செய்ய ஆள் இல்லை. தரவு முழுவதையும் படித்துச் சரிபார்க்கச் சொன்னால் அத்தனையும் லைனில் இறங்கும். பத்தில் ஒரு பங்காகப் பிரித்துச் சரிபார்க்க வழி இருக்கிறது, அதைத்தான் பயன்படுத்தினேன். பிறகு போர்க்குக்கு மாறினேன். அந்தப் பக்கமும் போர்க் ஓடுவதால், இடத்தைச் சுருக்குவதும் ரெபாசிட்டரி (பேக்கப் மொத்தமும் இருக்கும் களஞ்சியம்) அளவிலான சோதனையும் அங்கேயே நடந்துவிடுகின்றன. என் தீர்ப்பு இதுதான்: தொலைவில் புரோகிராம் ஓட்ட முடிந்தால் போர்க், வெறும் சேமிப்பிடம்தான் என்றால் ரெஸ்டிக்.

ஆனால் டூல் மாற்றியதைவிடப் பெரிய வித்தியாசம் வேறு இடத்தில் வந்தது. டேட்டாபேஸ் டம்பை (டேட்டாபேஸ் முழுவதையும் எழுதி எடுத்த ஃபைல்) சின்னதாக்குகிறேன் என்று ஜிசிப் (gzip) என்ற கம்ப்ரஸ் டூலைப் போட்டு வைத்திருந்தேன். 6 ஜிபி ஃபைல், தினமும் 6 ஜிபியும் போகும். உள்ளே ஒரு வரி மாறினாலும் அந்த இடத்துக்குப் பிறகு கம்ப்ரஸ் ஆன பைட்டுகள் எல்லாமே வேறாகிவிடும், அப்புறம் எந்த டூல் வந்து ஒப்பிட்டாலும் பொதுவாக ஒன்றும் சிக்காது. ஜிசிப்பை எடுத்துவிட்டு, டம்பை அப்படியே பைப் வழியாக போர்க்குக்குள் விட்டேன். அது முதலில் வெட்டி, ஹேஷ் பார்த்து, புதிதாக இருக்கும் துண்டை மட்டும் கம்ப்ரஸ் செய்து, கடைசியில் என்க்ரிப்ட் செய்கிறது. இந்த வரிசைதான் உயிர். மறுநாள் ராத்திரி 6 ஜிபி போன இடத்தில் சில நூறு எம்பிதான் போனது, நம்பாமல் ரீஸ்டோர் செய்து பார்த்தேன், எல்லாம் சரியாகவே இருந்தது. ஆர்சிங்கிலேயே இருப்பவர்கள் ஜிசிப்பில் ஆர்சிங்கபிள் என்ற ஆப்ஷனைப் போட்டால் பெரும்பகுதி சரியாகும்.

டேட்டாபேஸ் ரெப்ளிகேஷனிலும், அதாவது மாற்றங்களை அவ்வப்போது அந்தப் பக்கம் அனுப்புவதிலும், ஒரு பாடம் இருந்தது. போஸ்ட்கிரெஸின் வால் (WAL, டேட்டாபேஸில் நடக்கும் மாற்றங்களின் பதிவு) ஃபைல் ஒன்று 16 எம்பி. ஒரு நிமிடத் தரவுக்கு மேல் இழக்கக் கூடாது என்று ஆர்க்கைவ் டைம்அவுட்டை (ஃபைல் நிறையாவிட்டாலும் அனுப்பிவிடும் நேர வரம்பு) 60 நொடி வைத்திருந்தேன். நிமிடத்துக்கு நாலு வரி எழுதினாலும் முழு 16 எம்பி கிளம்பும், ஒரு நாளைக்கு 1440 ஃபைல், 23 ஜிபி. அனுப்புமுன் கம்ப்ரஸ் செய்தாலே காலி இடமெல்லாம் சுருங்கிவிடுகிறது. கூடவே டைம்அவுட்டை 5 நிமிடமாக்கினேன். செக்பாயின்ட் (நினைவகத்தில் உள்ள மாற்றங்களை டிஸ்கில் எழுதி முடிக்கும் நேரம்) இடைவெளியையும் 5 நிமிடத்திலிருந்து 30 ஆக்கினேன். ஒவ்வொரு செக்பாயின்டுக்குப் பிறகும் டேட்டாபேஸின் ஒரு பேஜ் (தரவை வைக்கும் 8 கேபி துண்டு) முதன்முறை மாறும்போது அந்த பேஜ் முழுவதும் வால் ஃபைலில் எழுதப்படும் என்பதால் இதுவும் நன்றாகவே குறைத்தது. சர்வர் விழுந்து எழும்போது மீள்வதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், எனக்கு அது பரவாயில்லை.

வேகக் கட்டுப்பாடு வைப்பது டிராஃபிக்கைக் குறைக்காது, பரப்பிவிடும், அவ்வளவுதான். கேஷ், தம்ப்நெயில் ஃபோல்டர்களை விலக்கிவிடுங்கள். விர்ச்சுவல் மெஷினுக்குள் இருக்கும் ஸ்வாப்பை (நினைவகம் போதாதபோது தற்காலிகமாகப் பயன்படும் டிஸ்க் இடம்) தனி டிஸ்க் இமேஜுக்கு மாற்றி அதையும் விலக்குங்கள், அது தினமும் மாறும், ரீஸ்டோரில் யாருக்கும் தேவைப்படாது.

தினமும் காலையில் போர்க் காட்டும் புள்ளிவிவரத்தில் டெடுப்ளிகேட் ஆன பிறகு எவ்வளவு என்ற ஒரு எண்ணை மட்டும் பார்ப்பேன். போன மாதம் அது திடீரென்று 40 ஜிபிக்கு எகிறியது. தேடிப் பார்த்தால், ஒரு விர்ச்சுவல் மெஷினுக்குள் வாரம் ஒருமுறை ஓடும் டீஃப்ராக் (டிஸ்கில் சிதறிய தரவை மாற்றி அடுக்கும் வேலை) புதிதாகத் தொடங்கியிருந்தது. உள்ளே ஒரு ஃபைலும் மாறவில்லை, டிஸ்க்கில் எல்லாம் இடம் மாறியிருந்தது. அதை நிறுத்திய மறுநாள் எண் பழையபடி 300 எம்பிக்கு வந்துவிட்டது.