அப்பாவின் டயாலிசிஸ் மையம்: கடலூரில் இரண்டு வருடம் கூடவே இருந்து பார்த்தது

அப்பாவுக்குச் செவ்வாய், வியாழன், சனி. காலை ஆறு மணி ஷிப்ட். முதுநகரில் எங்கள் தெருமுனைக்கு ஐந்தேகாலுக்கெல்லாம் ஆட்டோ வந்துவிடும். திருப்பாதிரிப்புலியூர் வழியாகப் போய், கெடிலம் பாலம் தாண்டி மஞ்சக்குப்பம். 2024 ஜனவரியிலிருந்து இதே பாதைதான். அதற்கு முன் ஏழு மாதம் புதுச்சேரியில் வேறொரு மையத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். அலைச்சல் தாங்காமல்தான் இங்கே மாறினோம். இரண்டு இடத்தையும் பார்த்தவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

டயாலிசிஸ் தொடங்கப்போகிறவர்களின் வீட்டார் என்னிடம் முதலில் கேட்பது ஏசி உண்டா, டிவி உண்டா, செலவு எவ்வளவு என்பதைத்தான். நானும் அப்படித்தான் கேட்டேன். இப்போது யாராவது கேட்டால் முதலில் தண்ணீரைப் பற்றி விசாரிக்கச் சொல்கிறேன். மெஷினுக்குள் நிமிடத்துக்கு ஏறத்தாழ அரை லிட்டர் டயாலிசிஸ் திரவம் ஓடுகிறது. நாலு மணி நேரத்துக்கு 120 லிட்டர். அப்பாவின் ரத்தத்துக்கும் அந்தத் திரவத்துக்கும் நடுவில் இருப்பது பில்டருக்குள் உள்ள மெல்லிய சவ்வு மட்டும்தான். வீட்டில் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் அளந்து குடிக்கிற மனிதருக்கு, அங்கே இத்தனை தண்ணீர் பக்கத்தில் வந்துபோகிறது. அதில் குளோரின் மிச்சமிருந்தால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையும். கடலோரத்து போர் தண்ணீர் எப்படி இருக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

இதைப் புதுச்சேரியில் கேட்டபோது, "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கும்மா" என்றார்கள். இங்கே சேர்ந்த முதல் வாரமே கேட்டேன். மூத்த டெக்னீஷியன் என்னைத் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. அறைக்கே அழைத்துப் போனார். சுவரில் ஒரு நோட்டு தொங்குகிறது. ஒவ்வொரு ஷிப்ட் தொடங்கும் முன்பும் குளோரின் பார்த்து, நேரம் போட்டுக் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். அதன் பிறகு நான்கைந்து முறை சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் அந்தக் கட்டம் காலியாக இருந்ததில்லை. இந்த ஒரு விஷயத்துக்காகவே இந்த மையத்தை மதிக்கிறேன்.

அடுத்தது ஊசி. அப்பாவுக்கு இடது கையில் பிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக இரண்டு ரத்தக் குழாய்களை ஆபரேஷனில் இணைத்த இடம். அவர் அரசு பஸ் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். பிஸ்டுலா மேல் விரல் வைத்து, "இன்ஜின் ஓடுற பஸ்ல கம்பியைப் பிடிச்ச மாதிரி அதிருது பாரு" என்பார். அந்த அதிர்வு நின்றால் உடனே ஓடிவர வேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததும் இங்கேதான். முன்பு இருந்த இடத்தில் வசதிக்காக ஒரே இடத்தில் குத்திக் குத்தி, நரம்பு புடைத்து நெல்லிக்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. இங்கே இடம் மாற்றி மாற்றிக் குத்துகிறார்கள். எங்கே குத்தியது என்று சார்ட்டில் குறிக்கிறார்கள்.

ஆனால் ஒரு சனிக்கிழமை பயிற்சிக்கு வந்த பெண் ஒருவர் தனியாக ஊசி போட்டார். நரம்பைத் தாண்டிக் குத்திவிட்டதால் முழங்கை வரை கறுத்து வீங்கிவிட்டது. ஐஸ் வைத்தார்கள், மறுநாள் போன் செய்து விசாரித்தார்கள், அதெல்லாம் சரி. பிஸ்டுலா அப்பாவுக்கு உயிர்நாடி. அதில் பழகுகிறவருக்குப் பக்கத்தில் அனுபவம் உள்ளவர் ஒருவர் நின்றிருக்க வேண்டும். இதை நேரிலேயே சொன்னேன். அன்றிலிருந்து அப்பாவுக்கு மூத்தவர்கள்தான் போடுகிறார்கள். மற்றவர்களுக்கும் அப்படியா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு அதிக வருத்தம் தந்தது. இங்கே சேரும்போது அப்பாவின் டிரை வெயிட் 52 கிலோ என்று வைத்தார்கள். உடம்பில் தேங்கிய நீரையெல்லாம் எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடை அது. ஒவ்வொரு முறையும் ஏறி நிற்கும் எடையிலிருந்து அதைக் கழித்துத்தான் எவ்வளவு நீர் எடுப்பது என்று முடிவு செய்வார்கள். நாலைந்து மாதத்தில் அப்பாவுக்குப் பசி திரும்பியது. மீனும் முட்டை வெள்ளையும் ஒழுங்காகச் சாப்பிட்டார். கன்னத்தில் சதை போட்டது. ஆனால் சார்ட்டில் மட்டும் அதே 52. புதிதாகப் போட்ட சதையையும் நீர் என்று கணக்கு வைத்து மெஷின் இழுத்துக்கொண்டே இருந்தது.

மூன்றாவது மணி நேரம் வந்தால் கெண்டைக்கால் நரம்பு இழுத்துக்கொள்ளும். பிரஷர் 90க்கு இறங்கும். காலைத் தூக்கி வைத்து, சலைன் ஏற்றி, "ஐயா, தண்ணி ஜாஸ்தி குடிக்கிறீங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதை நம்பி அப்பா இன்னும் குறைத்தார். மே மாத வெயிலில் ஐஸ் கட்டியை உதட்டில் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சொன்னதையெல்லாம் கேட்டு நடந்தவருக்குத்தான் அந்தத் திட்டு.

ஆறு வாரம் இப்படியே போனது. அதைக் கண்டுபிடித்தது மருத்துவர் இல்லை, இருபத்தைந்து வயதுகூட இருக்காத ஒரு டெக்னீஷியன் தம்பி. இரண்டு மாத சார்ட்டைப் புரட்டினார். அப்பாவின் கணுக்காலை அமுக்கிப் பார்த்தார், குழி விழவில்லை. "படுத்தா மூச்சு வாங்குதாங்கய்யா? சட்டை தோள்ல பிடிக்குதா?" என்று கேட்டார். அப்புறம் என்னிடம் வந்து, "அக்கா, ஐயாவுக்குச் சதை ஏறியிருக்கு, தண்ணி இல்ல. நான் டாக்டர்கிட்ட சொல்றேன்" என்றார். சொன்னபடியே சொன்னார். அரை அரை கிலோவாக ஏற்றி 54இல் நிறுத்தினார்கள். அன்றோடு கால் இழுப்பது நின்றது. டயாலிசிஸ் முடிந்து வந்து விழுந்து கிடந்தவர், இப்போது மத்தியானமே எழுந்து பேப்பர் படிக்கிறார்.

அந்தத் தம்பி செய்ததை நாங்கள் மறக்கமாட்டோம். ஆனால் ஆறு வாரம் ஏன் ஆனது? சிறுநீரக மருத்துவர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருகிறார், அதுவும் சாயங்காலம். காலை ஷிப்ட் நோயாளிகள் அவர் முகத்தைப் பார்ப்பதே அபூர்வம். பணி மருத்துவர் எப்போதும் இருக்கிறார், அவசரத்துக்கு உடனே வருகிறார். டிரை வெயிட்டை மாற்ற மட்டும் அவர் தயங்குகிறார். இந்த மையத்தின் பெரிய குறை இதுதான் என்பேன். கருத்துப் புத்தகத்தில் விவரமாக எழுதிவைத்தேன். இப்போது மாதத்தின் முதல் சனிக்கிழமை காலையில் மருத்துவர் வருகிறார். போதாது, ஆனாலும் முன்னேற்றம்.

சுத்தத்தைப் பொறுத்தவரை பெரும்பாலும் நிறைவு. ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்குத் தனி அறை, தனி மெஷின். பில்டரைக் கழுவித் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். அதன்மேல் பெயர் எழுதி, மாட்டும் முன் நோயாளியிடமே காட்டிச் சத்தமாகப் படிக்கிறார்கள். ஆனால் ஒரு ஷிப்ட் முடிந்து அடுத்தது தொடங்கும் அந்த அரை மணி நேரத்தில் எல்லோருக்கும் அவசரம். ஒருவருக்கு லைனைக் கழற்றிய கையுறையோடு அடுத்த படுக்கைக்குப் போனதை இரண்டு முறை கண்ணால் பார்த்தேன். சொன்னதும் மாற்றினார்கள், மன்னிப்பும் கேட்டார்கள். நான் பார்க்காத நாளில் என்ன நடக்கிறது என்ற கவலை எனக்கு இன்னும் இருக்கிறது.

சாப்பாட்டுக்கு அவர்கள் தரும் அச்சிட்ட தாளில் ஓட்ஸும் பிராக்கோலியும் இருந்தன. எங்கள் வீட்டுக்கு அதனால் என்ன பயன்? நல்லவேளையாக அங்கே ஒரு சிஸ்டர் இருக்கிறார். கருவாட்டு உப்பு எப்படித் தாகத்தைக் கிளப்பும், சிறுநீரகம் வெளியேற்றாமல் ரத்தத்தில் தேங்கினால் இதயத்துக்கே ஆபத்தான பொட்டாசியம், காயை நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் எவ்வளவோ குறையும், இளநீர் ஏன் கூடவே கூடாது என்று உட்கார்ந்து பேசினார். பண்ருட்டி பலாப்பழம் வண்டி வண்டியாக வந்து இறங்கும் நேரத்தில் ஒவ்வொரு படுக்கையிலும் நின்று, "ஒரு சுளைகூட வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போவார். போன சீசனில் எங்கள் ஷிப்டில் ஒருவர் கல்யாண வீட்டில் பலாச்சுளையும் இளநீரும் சாப்பிட்டுவிட்டு, கைகால் துவண்டு வந்தார். பார்த்த மாத்திரத்தில் ஈ.சி.ஜி. எடுத்து, வரிசையில் முன்னால் இருந்தவர்களிடம் சொல்லிவிட்டு அவரை மெஷினில் போட்டார்கள். அப்பா தன் முறையைச் சந்தோஷமாக விட்டுக்கொடுத்தார்.

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30, சனிக்கிழமை கரையைக் கடந்தது. அது அப்பாவின் நாள். வெள்ளிக்கிழமை காலையிலேயே போன் வந்தது: "நாளைக்கு வர வேணாம், இன்னிக்கு ராத்திரி வாங்க." விடியும்வரை மெஷின்கள் ஓடின. அடுத்த செவ்வாய்க்கிழமை பெண்ணையாற்றில் வெள்ளம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த ஊழியர்களால் வர முடியவில்லை. இருந்தவர்களே இரண்டு ஷிப்ட் பார்த்தார்கள். நாலு மணி நேரத்துக்குப் பதில் மூன்று மணி நேரம்தான் கிடைத்தது, ஆனால் எங்கள் ஷிப்டில் யாரையும் திருப்பி அனுப்பவில்லை.

செலவு எங்களுக்குப் பாரமில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் பார்க்கிறார்கள், டயாலிசிஸுக்குக் கையிலிருந்து கொடுத்ததில்லை. ரத்தம் ஊற உதவும் ஊசி சில மாதம் இருப்பில் இல்லாமல் வெளியே வாங்கினோம். கூட வருகிறவர்களுக்கு ஆறு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரே கழிப்பறை. மழை நாளில் வாசலில் நின்று நனைய வேண்டியதுதான். இதைச் சரிசெய்யப் பெரிய பணம் தேவையில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே வேறொரு இடத்தில் மெஷின் காலியாக இருப்பதாகச் சொன்னார்கள். அப்பாவிடம் கேட்டேன். "அந்தத் தம்பி அங்க இருப்பானா?" என்றார். அதனால் இன்னமும் ஐந்தேகால் ஆட்டோதான்.

இப்போது காலை ஷிப்டில் இடமில்லை, மத்தியானத்துக்கு மட்டும் சேர்க்கிறார்கள். சேர நினைக்கிறவர்கள் பத்தரை மணி வாக்கில், ஷிப்ட் மாறும்போது போய் நில்லுங்கள். தண்ணீர் அறையைக் காட்டச் சொல்லுங்கள், காட்டுவார்கள். கையுறை மாற்றுகிறார்களா என்பதையும் அங்கே நின்றபடியே பார்த்துவிடலாம்.