மருதானை டவர் ஹோல்: பின்வரிசையில் இருந்து கேளுங்கள்

பஞ்சிகாவத்தைக்கு வாகனச் சாமான் வாங்கப் போகாத கொழும்புக்காரர் குறைவு. ஆனால் பம்பரும் சைலன்சரும் குவிந்து கிடக்கும் அந்தக் கடைகளுக்குப் பக்கத்திலேயே நிற்கிற டவர் ஹோல் நாடக மண்டபத்துக்குள் நம்மில் எத்தனை பேர் போயிருப்போம்? அண்ணாவின் சிங்கள நண்பர், நூர்த்தி எனும் பழைய சிங்கள இசை நாடகங்களின் பாடல் நிகழ்ச்சி ஒன்றுக்குக் கூப்பிட்டார், நானும் போனேன். இனி யார் கூப்பிடாவிட்டாலும் போவேன்.

ஜி. டொன் ஹென்ரிக் செனவிரத்ன கட்டுவித்த மண்டபம் இது, 1911 டிசம்பர் 6ஆம் திகதி சார்ள்ஸ் டயஸின் 'பண்டுகாபய' நாடகத்தோடு திறந்தார்கள். அப்போது மைக் ஏது? ஆர்மோனியம், தபேலா, பாடுகிறவரின் தொண்டை, அவ்வளவுதான். அந்தக் குரல் கடைசி வாங்கு வரைக்கும் போய்ச் சேர வேண்டுமென்றால் கூரையின் உயரமும் சுவர்ப் பூச்சும் மேடைப் பலகையும் ஒத்துழைக்க வேண்டும், அதைக் கைப்பழக்கத்தாலேயே சரிசெய்த மேசன்மாரையும் தச்சர்களையும்தான் அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு அம்மா மைக்கைத் தள்ளி வைத்துவிட்டுப் பாடினார். பின்னால் இருந்த எனக்கு அவர் மூச்சு இழுப்பது கூடக் கேட்டது. போன வருடம் புதிதாகக் கட்டிய ஒரு மண்டபத்தில் ஸ்பீக்கர் இரைச்சலில் வசனம் ஒன்றும் விளங்காமல் எழும்பி வந்தவன் நான்.

அப்புறம் அந்தத் திரைகள். நூர்த்தி இந்தியாவின் பார்சி நாடகக் கம்பனிகள் வழியாக வந்த வடிவம், அரண்மனை, காடு, வீதி என்று சீலையில் வரைந்து மேலே சுருட்டி வைத்து இறக்குவார்கள். நம்முடைய பழைய நாடகக்காரர் 'சீன்' என்று சொல்வார்களே, அதுதான். நிகழ்ச்சி முடிந்து மேடைக்குப் பின்னால் போனபோது, பல வருடமாக மேடை வேலை செய்யும் ஒரு ஐயா உள்ளங்கையை விரித்துக் காட்டினார், குறுக்கே கயிறு ஓடிய தடம் காய்த்துப் போயிருந்தது. "கயிறு கையை மீறி ஓட விடக்கூடாது தம்பி, சீன் தொப்பென்று விழுந்தால் ராஜாவுக்கு மரியாதை போச்சு" என்றார் சிங்களத்தில். இவரைப் போன்றவர்களையும் மேடைக்குக் கூப்பிட்டுக் கை தட்ட வேண்டும் என்பது என் ஆசை.

இடையில் பல காலம் இது சினிமாக் கொட்டகையாகக் கிடந்தது, 1978இல்தான் மறுபடி நாடகத்துக்கு வந்தது. நூர்த்தி நமக்கு அந்நியம் என்று நினைக்க வேண்டாம். அதற்கு இசையமைத்த விஸ்வநாத் லௌஜி இந்தியாவிலிருந்து வந்தவர், அந்த மேடைவழி வந்த சிங்களப் பாடகியும் நடிகையுமான ருக்மணி தேவியின் இயற்பெயர் டெய்சி ராசம்மா டேனியல்ஸ்.

வாகனம் நிறுத்த இடம் தேடி அலைய வேண்டாம், மருதானை ஸ்டேஷனில் இறங்கி நடந்தே போகலாம். முன்வரிசைக்கு அடிபடாமல் பின்னால் டிக்கட் எடுங்கள். பாட்டு தொடங்கியதும் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.