கிரவுன் வேலைக்கு லாரியை விடும் முன்: கடலூர்க்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலில் (பட்டறைப் பேச்சில் 'கிரவுன்') பேரிங் மாற்ற லாரியை விடப் போகிறீர்களா? அந்தப் பட்டறையில், நுண்ணிய அசைவை முள்ளால் அளந்து காட்டும் டயல் கேஜ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் சாவியைக் கொடுக்காமல் திரும்பிவிடுங்கள். கடலூர் எல்லையில் உள்ள ஒரு பட்டறை என் வண்டியைப் படுத்திய பாட்டைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம்.

பின் ஆக்சிலில் ஊளைச் சத்தம். நான்கு பேரிங், ஆயில் சீல், கூலி என்று கேட்ட பணத்தைக் கொடுத்தேன். பண்ருட்டியில் பலாப்பழம் ஏற்றிக் கிளம்பிய முதல் நடையிலேயே சத்தம் முன்பைவிடக் கூடியது. டிஃபரென்ஷியலின் இரும்புக் கூடான ஹவுசிங்கின் மூக்கில் கை வைக்க முடியாத சூடு, கருகிய ஆயில் வாடை. கேட்டதற்கு, "புது பேரிங் அப்படித்தான் கத்தும், ஓட ஓடச் சரியாகிவிடும்" என்றார் பட்டறைக்காரர். எந்த ஊரில் புது பேரிங் கத்துகிறது?

புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு பெரியவர் பிரித்துக் காட்டினார். பேரிங்கில் உருளைகளோடு வரும் உள்வளையங்களான கோன்கள் புதியவை, அவை உட்காரும் வெளிவளையங்களான கப்புகள் பழையவை. கப்பின் உட்புறத்தில் நகத்தை ஓட்டினால் சொரசொரவென்று தட்டியது. கப்பையும் கோனையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். இறுகிக் கிடக்கும் கப்பைத் தட்டி எடுக்கச் சோம்பல், ஆனால் பணம் மட்டும் முழு பேரிங்குக்கு! பேரிங்குகளை ஹவுசிங்கில் பிடித்து வைக்கும் மூடிகளான பேரிங் கேப்கள் இரண்டும் வலம் இடமாக மாறியிருந்தன. அவை ஹவுசிங்கோடு சேர்த்துக் கடையப்பட்டவை. மாறினால் பேரிங் நேராக உட்காராது.

பெரிய அநியாயம், கிரவுன் பற்சக்கரத்தைச் சுழற்றும் சிறிய பற்சக்கரமான பினியனில். புது பேரிங்குக்கு ஏற்ற தடிமனில் ஸ்பேசர் (பேரிங்குகளுக்கு இடையில் வரும் வளையம்) தேர்ந்தெடுக்காமல், பழையதையே போட்டு நட்டை ஏர் கன்னால் இறுக்கியிருக்கிறார்கள். அளவுக்கு மீறி இறுகியதால் உருளைகள் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தன.

பெரியவர் வேலை செய்த விதமே வேறு. ஆயில் சீல் போடும் முன், பினியனின் முனைத் தட்டான ஃபிளாஞ்சில் நூலைச் சுற்றி ஸ்பிரிங் தராசால் இழுத்தார். சுழல்வதற்கான இழுவை கையேட்டில் உள்ள அளவுக்கு வரும் வரை ஸ்பேசரை மாற்றிக்கொண்டே இருந்தார். பிறகு கிரவுன் பல்லில் டயல் கேஜ் முள்ளை வைத்து அந்தப் பற்சக்கரத்தை முன்னும் பின்னும் அசைத்து, இருபுற அட்ஜஸ்டிங் நட்டையும் திருகினார். கிரவுன் பல்லுக்கும் பினியன் பல்லுக்கும் நடுவில் உள்ள இடைவெளி பல லாரிகளுக்கு 0.2 முதல் 0.4 மி.மீ.க்குள் இருக்கும், சரியான எண் அந்தந்த வண்டியின் கையேட்டில் உண்டு. கை உணர்வில் பிடிபடுகிற அளவா இது? கடைசியாகப் பற்களில் நீல மை பூசிச் சுற்றிப் பார்த்தார். தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். ஓரத்தில் விழுந்தால் சுமையெல்லாம் அந்த ஓரத்துக்கே.

என் பழைய கிரவுன் அப்படித்தான் ஓரம் உதிர்ந்து போயிருந்தது. கிரவுனும் பினியனும் ஒரே ஜோடியாகப் பொருத்தப்பட்டவை என்பதால் இரண்டையும் வாங்க வேண்டியதாயிற்று. பேரிங் செலவோடு முடிய வேண்டிய வேலை.

பேரிங் மாற்றினால் கழற்றிய கப், கோன் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். ஜி.எஸ்.டி. எண் உள்ள பில் தருவார்களா என்பதை வண்டியை விடும் முன்பே கேளுங்கள். எனக்குக் கிடைத்தது தொகை மட்டும் எழுதிய துண்டுச் சீட்டு. அதைக் காட்டிப் பணத்தைத் திருப்பிக் கேட்டால், "இது எங்கள் பட்டறைச் சீட்டே இல்லை" என்கிறார் அந்தப் பழைய பட்டறைக்காரர்.