கஞ்சி காய்ச்சிய பேட்டரியும் செவ்வாய்ப்பேட்டைப் பெரியவரும்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பேட்டரி பழுது பார்க்கும் ஒரு பெரியவருக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். ஒன்றைக் குறைத்தது பில்லுக்காக; அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆத்தூர் சாலையில் ஒரு ஜவ்வரிசிக் கிடங்கில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் மேலாளர் ஓய்வு பெற்றபோது அவருடைய சாவிக்கொத்தோடு, சுமை தூக்கி அடுக்கும் எலெக்ட்ரிக் ஃபோர்க்லிஃப்ட் வண்டியும் என் தலையில் விழுந்தது. 48 வோல்ட், 600 ஆம்பியர் மணி, ஈய அமில பேட்டரி. 2 வோல்ட் செல்கள் 24. ஏறக்குறைய ஒரு டன் எடை. வாங்கி மூன்றரை ஆண்டுதான் ஆகிறது.

சித்திரை பிறந்ததும் வண்டி மதியம் இரண்டு மணிக்கே படுத்துக்கொள்ள ஆரம்பித்தது. ஆண்டு ஒப்பந்தத்தில் இருந்த நிறுவனத்துக்குச் சொன்னேன். ஒரு பையன் வந்தான், தண்ணீர் ஊற்றினான், கையெழுத்து வாங்கினான், போனான். மறுநாள் புது பேட்டரிக்கு மூன்று லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் என்று விலைப்புள்ளி வந்து சேர்ந்தது. ஒரு செல்லையாவது அளந்து பார்த்தானா என்றால் இல்லை. முதலாளியிடம் அந்தத் தாளைக் கொண்டுபோக எனக்குத் துணிவு வரவில்லை.

லீ பஜாரில் மண்டி வைத்திருக்கும் உறவினர் ஒருவர்தான் இந்தப் பெரியவரைச் சொன்னார். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு சந்துக்குள் கடை. பெயர்ப்பலகை கிடையாது. தகரக் கதவு, வாசலில் வெள்ளைக் கேன்கள், உள்ளே ஆசிட் நெடி. கார், இன்வெர்ட்டர் பேட்டரிகளும் பார்க்கிறார். ஆனால் அவருக்குப் பிடித்த வேலை ஃபோர்க்லிஃப்ட் பேட்டரிதான் என்பது பேச்சிலேயே தெரிந்துவிடும்.

சொன்ன நாளுக்கு இரண்டு நாள் தாமதமாக வந்தார். பேட்டரி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "என்னம்மா, கஞ்சி காய்ச்சி வைத்திருக்கிறீர்கள்?" என்றார். கிடங்கெல்லாம் மாவு பறக்கும். அது பேட்டரி மேல் படிந்து, கசிந்த ஆசிட்டில் ஊறி, நிஜமாகவே கஞ்சியாகத்தான் இருந்தது. நான் அதை வெறும் அழுக்கு என்று நினைத்திருந்தேன். அவர் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி முனையிலும் மறு முனையை இரும்புப் பெட்டியிலும் வைத்துக் காட்டினார். எண் ஓடியது. அந்தக் கஞ்சி வழியாக மின்சாரம் இரவும் பகலும் கசிந்துகொண்டிருந்ததாம்.

செல் மூடிகளை இறுக்கிவிட்டுச் சமையல் சோடா கரைத்த தண்ணீரை ஊற்றினார். புஸ்ஸென்று நுரைத்தது. நுரை அடங்கும்வரை ஊற்றித் தேய்த்து, பிறகு நல்ல தண்ணீரில் கழுவினார். சோடா ஒரு சொட்டுகூட செல்லுக்குள் போகக்கூடாது, போனால் ஆசிட்டின் வீரியம் செத்துவிடும் என்று உதவிக்கு வந்த பையனை மூன்று முறை அதட்டினார்.

இரவு முழுக்க சார்ஜ் போட்டு, மறுநாள் காலை ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரோடு வந்தார். 24 செல்லையும் ஒவ்வொன்றாக உறிஞ்சிப் பார்த்து, என்னை எழுதச் சொன்னார். முழு சார்ஜில் கிராவிட்டி, அதாவது தண்ணீரோடு ஒப்பிட்ட ஆசிட்டின் அடர்த்தி, 1280 அளவில் நிற்க வேண்டும் (1.280 என்பதைத் தொழிலில் இப்படித்தான் சொல்கிறார்கள்). எங்களுடையதில் பெரும்பாலானவை 1230, 1240. பதினேழாம் எண் செல் மட்டும் 1160. எழுதிய எண்ணோடு பத்துப் பத்தாகக் கூட்டச் சொன்னார். ஏன் என்று கேட்டேன். கணக்கு 27 டிகிரிக்கு; பேட்டரி 42 டிகிரியில் இருக்கிறது; பத்து டிகிரிக்கு ஏழு புள்ளி சேர்க்க வேண்டும். கணக்குப்பிள்ளையான எனக்கு இந்த இடத்தில்தான் அவர் மேல் மரியாதை வந்தது.

பிறகு விசாரணை. தண்ணீர் எப்போது ஊற்றுகிறீர்கள்? சார்ஜ் போடும் முன்பு என்றார் ஓட்டுநர். சார்ஜ் ஏறும்போது நீர்மட்டம் உயரும், நிறைய ஊற்றியிருந்தால் வழியும், வழிவது தண்ணீர் அல்ல, ஆசிட். செல்லுக்குள் இருக்கும் ஈயத் தகடு நீருக்கு வெளியே தெரிந்தால் மட்டும் மூழ்கும் அளவுக்கு முன்னால் ஊற்றலாம். மற்றபடி சார்ஜ் முடிந்த பிறகுதான். என்ன தண்ணீர்? இங்கே ஓட்டுநர் என்னைப் பார்த்தார். டிஸ்டில்டு வாட்டர் தீர்ந்துபோன நாட்களில் உணவறையின் ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றியிருக்கிறார். கேன் வாங்கும் செலவுச் சீட்டை நிறுத்தி வைத்தது நான்தான். பெரியவர் என்னைத் திட்டவில்லை. "சேலத்து ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றாமல் விட்டீர்களே" என்றார். அது திட்டைவிடக் கூசியது.

சாப்பாட்டு நேரத்தில் அரை மணி நேரம் சார்ஜ் போடும் வழக்கமும் எங்களுக்கு இருந்தது. இந்த வகை பேட்டரிக்கு அது கெடுதல்: ஆயுள் குறைகிறது, ஆறவும் நேரம் கிடைப்பதில்லை. எட்டு மணி நேரம் ஓட்டு, எட்டு மணி நேரம் சார்ஜ், எட்டு மணி நேரம் ஆறவிடு. சார்ஜை இருபது சதவீதத்துக்குக் கீழே இறக்காதே. நம் ஊர் வெயிலில் ஆறவிடுவதைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள் என்றார். சூடு ஏற ஏறத் தகடு சீக்கிரம் அரித்துப்போகும்.

சனி இரவு தொடங்கி ஞாயிறு மாலை வரை எல்லா செல்களையும் ஒரே நிலைக்குக் கொண்டுவரும் சமன் சார்ஜ் குறைந்த மின்னோட்டத்தில் நடந்தது. மணிக்கொரு தடவை கிராவிட்டி பார்த்தார். மூன்று முறை தொடர்ந்து எண் மாறாத பிறகே நிறுத்தினார். மற்ற செல்கள் 1260 தாண்டின. பதினேழு மட்டும் எழுந்திருக்கவில்லை. வண்டியில் சுமை ஏற்றிப் பார்த்தபோது அதன் வோல்ட் 1.6க்கு இறங்கியது, மற்றவை 1.9க்கு மேல் நின்றன. புது செல் போடலாமா என்றேன். பழைய கூட்டத்தில் புதியது சேராது என்று சொல்லி, அதே அளவில் ஓரளவு ஓடிய செல் ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து ஈயம் உருக்கி இணைத்தார். செல், கூலி, எல்லாம் சேர்த்து 11,500 ரூபாய். வண்டி இப்போது மாலை ஆறு வரை ஓடுகிறது.

சார்ஜ் அறையையும் விடவில்லை. ஜன்னலில் அடுக்கியிருந்த சாக்குகளை எடுக்கச் சொன்னார். சார்ஜின் கடைசியில் ஹைட்ரஜன் வரும். காற்றில் நான்கு சதவீதம் சேர்ந்தாலே தீப்பொறிக்குக் காத்திருக்கும். ஆயுத பூஜைக்கு வண்டியிலேயே கற்பூரம் ஏற்றுவீர்களா என்று கேட்டார். ஏற்றுவோம், சார்ஜ் போட்டபடியே. சந்தனம், குங்குமம், எலுமிச்சை போதும், கற்பூரத்தை வாசலில் காட்டுங்கள் என்றார்.

குறைகள்: மாலை ஆறுக்குப் பிறகு போன் எடுக்க மாட்டார். லித்தியம் பேட்டரியைத் தொடமாட்டார். நீங்கள் அந்தப் பக்கம் மாறுகிறவர் என்றால் இவர் பயன்பட மாட்டார். மாறும்போது எடையையும் விசாரித்துக்கொள்ளுங்கள், பழைய பேட்டரியின் ஒரு டன்தான் வண்டி முன்னால் குப்புற விழாமல் பிடித்துக்கொள்வது என்று அவரே சொன்னார்.

இனி பில். ஜி.எஸ்.டி. எண்ணோடு தருகிறேன் என்றார். நான்கு முறை கேட்டுவிட்டேன். சென்ற வாரம் மாதாந்திரச் சோதனைக்கு வந்தபோதும் கேட்டேன். பையில் துழாவி ஒரு தாளை நீட்டினார். ஆவலோடு வாங்கினேன். 24 செல்லின் கிராவிட்டியை எழுதி வைக்கக் கட்டம் போட்ட தாள்.