கோஎன்சைம் க்யூ10 ஜெல் மாத்திரை: ஸ்டாட்டின் சாப்பிடும் ஒருவரின் பார்வை

கொலஸ்ட்ராலுக்காக ஸ்டாட்டின் சாப்பிடுகிறேன். கல்லீரலில் எந்த வேதிவினைப் பாதையை மறித்து அது கொலஸ்ட்ராலைக் குறைக்கிறதோ, அதே பாதையில்தான் கோஎன்சைம் க்யூ10-உம் உருவாகிறது. அதனால் ரத்தத்தில் இதன் அளவும் இறங்கிவிடும். செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்பு சக்தி தயாரிக்க க்யூ10 கட்டாயம் வேண்டும். கெண்டைக்கால் வலி வந்ததும் டாக்டரிடம் கேட்டு, 100 மில்லிகிராம் மாத்திரை வாங்கினேன்.

ஒன்றை வெட்டிப் பார்த்தேன். உள்ளே அடர் ஆரஞ்சு நிற எண்ணெய். விரலில் பட்ட மஞ்சள் கறை சோப்புக்கும் லேசில் போகவில்லை. க்யூ10 கொழுப்பில் கரையும் பொருள், எண்ணெயில் கலந்து தருவதுதான் சரி. ஆனால் சாப்பாட்டோடு விழுங்கச் சொல்லும் வரி லேபிளில் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கிறது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்து எடுப்பவர்களுக்கு எச்சரிக்கையே இல்லை. இது பெரிய குறை.

வலி? கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது, மாத்திரையால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஸ்டாட்டினால் வரும் தசை வலிக்கு க்யூ10 உதவுமா என்ற ஆய்வுகளும் ஒத்துப்போகவில்லை. இதயச் செயலிழப்பில் நிலைமை வேறு: 2014-இல் வெளியான க்யூ-சிம்பியோ ஆய்வில் 420 நோயாளிகளில் ஒரு பாதிப் பேர் தினம் 300 மில்லிகிராம் வீதம் 2 ஆண்டுகள் எடுத்தார்கள், அவர்களிடம் இதய நோய் மரணங்கள் குறைந்தன. டப்பாவில் உள்ள ‘இளமை திரும்பும்’ என்ற வாக்குறுதிக்கு அப்படி எந்த ஆதாரமும் கிடையாது. தொடர்ந்து வாங்குவேன், ஸ்டாட்டினை நிறுத்தாமல்.