மழைக்காலத்தில் ரோடா, வீட்டு டிரெய்னரா? மூன்று வருட அனுபவம்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில்தான் நான் சைக்கிள் ஓட்டுவது. பனி கொட்டும் நாடுகளில் குளிர்காலம் வந்ததும் சைக்கிளை டிரெய்னரில் மாட்டி வீட்டுக்குள்ளேயே மிதிப்பார்கள். நமக்குப் பனி இல்லை, மழை இருக்கிறது. தீபாவளியை ஒட்டி, அக்டோபர் நவம்பரில், பின்னேரம் வானம் கறுத்துக்கொண்டு இடி இறங்கினால் வேலை முடிந்து வந்து ஓட்ட முடியாது. காலையில் ஓட்டலாமே என்றால், தீபகற்ப மலேசியாவில் 1982 பிறந்தபோது கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளிவிட்டார்கள், அதனால் ஏழு மணி வரை இருட்டு, ஏழரைக்கு நான் வேலையில் இருக்க வேண்டும்.

அதனால் 400 வெள்ளிக்கு (ரிங்கிட்) பழைய டிரெய்னர் ஒன்று வாங்கினேன், பின் டயரை உருளையில் அழுத்திச் சுற்றுகிற வகை.

முதல் வாரமே புரிந்துவிட்டது, குளிர் நாட்டுக்காரர்கள் சொல்வதை அப்படியே இங்கே செய்ய முடியாது. அங்கே வீட்டுக்குள் இதம், வெளியில்தான் கஷ்டம். இங்கே தலைகீழ். மிதிக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் பெடலுக்குப் போகிறது, மிச்சமெல்லாம் சூடு. ரோட்டில் காற்று அதை அடித்துக்கொண்டு போகும், அறைக்குள் காற்று எங்கிருந்து வரும்? இருபது நிமிடத்தில் வேகம் அதே வேகம், நெஞ்சுத் துடிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகும். அப்புறம் டிரெய்னரை அஞ்சடிக்கு, அதாவது வீட்டு முன்னால் கூரை போட்ட நடைக்கு, மாற்றி, முன்னால் ஒரு பெரிய காத்தாடி வைத்த பிறகுதான் ஒரு மணி நேரம் தாங்க முடிந்தது. வியர்வை உப்பில் ஹேண்டில்பார் ஆணிகள் துருப்பிடித்தது இரண்டாம் வருடம்தான் கண்ணில் பட்டது. இப்போது மேலே துண்டு போட்டுக்கொள்கிறேன். பின் டயரும் சீக்கிரம் தேய்கிறது.

ஆனால் காலுக்கு நல்லது, அதில் சந்தேகமே இல்லை. ஐந்து நிமிடம் அழுத்தி மிதித்து, மூன்று நிமிடம் இளைப்பாறி, இப்படி நாலு தடவை. ரோட்டில் லோரி, நாய், வளைவு என்று ஏதாவது ஒன்று குறுக்கே வந்து அதைக் கெடுத்துவிடும்.

அதற்காக வெளியே போவதை விட்டுவிடவும் கூடாது. முதல் வருடம் இரண்டு மாதம் முழுக்க டிரெய்னரிலேயே இருந்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை லிந்தாங் ரோட்டில் இறங்கினேன். கால் பலமாக இருந்தது, கைதான் பழக்கம் விட்டுப் போயிருந்தது. பழ லோரிகள் உதிர்த்துவிட்டுப் போன செம்பனைப் பழமும் சேறும் மழையில் நனைந்து தார் ரோட்டில் வழவழவென்று கிடக்க, வளைவில் சறுக்கி விழுந்து முழங்கை உரிந்தது. என் சைக்கிளில் ரிம் பிரேக், சக்கர வளையத்தைக் கட்டைகள் அழுத்திப் பிடிக்கிற வகை. ஈரத்தில் பிடித்தால் முதல் சுற்று தண்ணீரைத் துடைக்கத்தான் சரியாக இருக்கும், அதற்குப் பிறகுதான் பிடிக்கும். செம்மண் கலந்த தண்ணீர் பிரேக் கட்டைகளை அரைத்தும் விடுகிறது. இதையெல்லாம் டிரெய்னர் கற்றுத்தராது.

இப்போது வாரநாளில் இரண்டு தடவை அஞ்சடி, ஞாயிறு காலை வெளிச்சம் வந்ததும் ரோடு. தூறல் என்றால் போகிறேன். மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் முப்பது விநாடிகூட இல்லையென்றால் இடி பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று அர்த்தம், அப்போது "வெளிய போகாதய்யா" என்று அம்மா சொல்வதற்கு முன்னாலேயே சைக்கிளை உள்ளே வைத்துவிடுகிறேன்.

வாங்க நினைப்பவர்கள் விலை உயர்ந்த டிரெய்னரைத் தேடுவதற்கு முன்னால் நல்ல காத்தாடியாக ஒன்று வாங்கிவிடுங்கள்.